டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன் ஃப்ளாஷ் கார்டு செட்: 449 ரூபாய்ல பாதி தான் தேறும்

முழுசா படிக்க நேரம் இல்லாதவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், பிக், பிக்கர், பிக்கெஸ்ட்னு இங்கிலீஷ்ல ஒப்பிட்டு சொல்றத சொல்லிக் குடுக்கற கார்டு பெட்டி இது, பிள்ளைக்கு ஸ்பெல்லிங் தகராறுன்னா தாராளமா வாங்கலாம், ஆனா ரெண்டு பொருளைப் பாத்து எது பெருசு எது சின்னதுன்னு இங்கிலீஷ்ல வாயத் திறந்து ஒரு வாக்கியம் பேசணும்னு எதிர்பார்த்தா இது அதுக்கு பத்தாது. மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணுக்காக ஆன்லைன்ல வாங்குனது, ஒண்ணாங்கிளாஸ் சின்னவனும் கூடவே உக்காந்துக்கிட்டான். கம்பெனி பேர் போடல. ஏன்னா கடைல புரட்டிப் பாத்த வரைக்கும் இந்த மாதிரி செட்டு எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி தான் இருக்கு, நான் சொல்லப்போற குறை பாதி எதை வாங்குனாலும் இருக்கும். அப்புறம் இன்னொண்ணு, தமிழ்ல டைப் பண்றப்ப, இன்னும் உயரம்ங்கறதுக்கான டாலர் அமெரிக்கா காசு மாதிரியும், விடங்கறதுக்கான தேன் பாட்டில் தேன் மாதிரியும் தான் தெரியுது, படிக்கிறப்ப நீங்களே சரி பண்ணிக்கோங்க.

பெட்டிக்குள்ள 72 கார்டு, மூணு மூணா 24 செட்டு. கூட ஒரு வொர்க்புக், சுத்தி விடுற ஸ்பின்னர் ஒண்ணு, க்யூஆர் கோடு போட்ட ஒரு துண்டுச்சீட்டு. கார்டு நல்ல தடிமன், லேமினேஷன் பண்ணிருக்காங்க, சின்னவன் வாயில வெச்சு கடிச்சும் ஒண்ணும் ஆகல. மூலைய உருட்டி வெட்டிருக்காங்க, கைய கிழிக்காது. ஸ்பின்னர் சுத்தவே மாட்டேங்குது, அம்புக்குறி பாதில நின்னுடுது, அத தூக்கி ஓரமா வெச்சாச்சு. க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா ஃபோன் நம்பர் கேக்குது, குடுக்கல, அதனால அந்த வீடியோ எப்படின்னு இங்க எழுதப் போறதில்ல.

நல்லதை முதல்ல சொல்லணும்ல. கலர் பிரிச்சிருக்கற விதம் நிஜமாவே யோசிச்சு பண்ணது. பச்சை கார்டுன்னா சும்மா இ-ஆர், இ-எஸ்-டி சேத்தா போதும், டால், லாங், ஸ்லோ, கூல் மாதிரி. மஞ்சள்னா கடைசி எழுத்து டபுள் ஆகும், பிக், ஹாட், தின், வெட். நீலம்னா கடைசில இருக்கற ஒய் போயி ஐ வரும், ஹேப்பி, ஹெவி, ஈஸி, ட்ரை. ஆரஞ்சுன்னா வார்த்தையத் தொடவே கூடாது, முன்னாடி மோர், மோஸ்ட் போட்டுக்கணும், டேஞ்சரஸ், எக்ஸ்பென்சிவ் வகையறா. கடைசியா சிவப்பு, அது எந்த ரூலுக்கும் அடங்காத கோஷ்டி, குட் பெட்டர் பெஸ்ட், பேட் வர்ஸ் வர்ஸ்ட், லிட்டில் லெஸ் லீஸ்ட். நாங்க படிச்சப்ப இதெல்லாம் ஒரே டேபிளா போட்டு மேல இருந்து கீழ வரைக்கும் ஒப்பிக்க சொல்வாங்க, ஏன் பிக்குக்கு மட்டும் ரெண்டு ஜி, லாங்குக்கு ஒரே ஜின்னு யாரும் சொன்னதில்ல. இந்த மஞ்சள் கார்டு பின்னாடி அது சின்னதா போட்டிருக்கு. வார்த்தை ஒரே அசைல, அதாவது ஒரே கைதட்டுல சொல்லி முடியணும், கடைசில ஒரே ஒரு வவல், அதுக்கப்புறம் ஒரே ஒரு கான்சொனன்ட், அப்பதான் டபுள். கூல்ல ரெண்டு ஓ இருக்கறதால ஆகாது, லாங்ல என்னும் ஜியும் ரெண்டு இருக்கறதால ஆகாது. ஸ்லோ, நியூ இதெல்லாம் டபிள்யூல முடியுது, டபிள்யூ டபுள் ஆகாது. அவ்ளோதான் ரூலே. பொண்ணு இத ஒரு சாயங்காலத்துல புடிச்சுக்கிட்டா, அதுக்கப்புறம் வீட்ல எந்த வார்த்தை கேட்டாலும் "இது மஞ்சளா பச்சையா"ன்னு தான் கேள்வி.

எப்ப இ-ஆர் எப்ப மோர்ங்கறதுக்கும் கை தட்டி எண்ணுற ஐடியா குடுத்திருக்காங்க. ஒரு தட்டுன்னா இ-ஆர், மூணு அதுக்கு மேலன்னா மோர். ரெண்டு தட்டு வந்தா தான் சிக்கல், ஒய்ல முடிஞ்சா இ-ஆர் பக்கம் போகும், மாடர்ன், ஃபேமஸ் மாதிரி இருந்தா மோர் பக்கம் போகும், கிளெவர், சிம்பிள், குவைட், நேரோ மாதிரி சிலது ரெண்டு பக்கமும் ஓடும். கிளெவரர்னு சொன்னாலும் சரி மோர் கிளெவர்னு சொன்னாலும் சரி. வொர்க்புக்ல மட்டும் கிளெவருக்கு ஒரே விடை தான் சரின்னு போட்டு வெச்சிருக்காங்க, பிள்ளை மோர் கிளெவர்னு எழுதுனா அடிச்சுடாதீங்க. அப்புறம் பச்சைல டீப்னு ஒரு கார்டு இருக்கு, அதோட ரெண்டாவது கார்டுல டீப்பருக்கு டபுள் பி அச்சாயிருக்கு. ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்கறதுக்குன்னே விக்கிற பொருள்ல இது எப்படி யார் கண்லயும் படாம வந்துச்சோ. மார்க்கர் வெச்சு ஒரு பி-ய அடிச்சு விட்டுட்டேன்.

இனி குறை. பெரிய குறை ஒண்ணு இருக்கு, அத கொஞ்சம் விளக்கமா சொல்லணும்.

ஒவ்வொரு கார்டுலயும் ஒரே ஒரு படம். முதல் கார்டுல ஒரு யானை, கீழ பிக். ரெண்டாவதுல இன்னொரு யானை, பிக்கர். மூணாவதுல இன்னும் பெரிய யானை, பிக்கெஸ்ட். மூணையும் வரிசையா வெச்சு பாத்தா அழகா தான் இருக்கு. ஆனா சின்னவன் நடுக் கார்டை மட்டும் கைல எடுத்துக்கிட்டு "இது பிக்கர் யானை"ன்னு வீடு பூரா சொல்லிட்டு திரிஞ்சான். எதை விட பிக்கர்டான்னு கேட்டா முழிக்கிறான். அவன் புரிஞ்சுக்கிட்டது என்னன்னா டீசர்ட்ல எஸ், எம், எல் மாதிரி பிக்கர்ங்கறது நடு சைஸு, பிக்கெஸ்ட்ங்கறது பெரிய சைஸு, அவ்ளோதான். அவன சொல்லி என்ன பண்றது, கார்டு அப்படித்தான் சொல்லிக் குடுக்குது. பிக்கர்ங்கறது ஒரு பொருளோட சொந்தக் குணமே இல்லையே, பக்கத்துல எதை வெக்கிறோம்ங்கறத பொறுத்து தானே அது மாறும். இதே பெட்டில இருக்கற எலி கார்டு பக்கத்துல ஸ்மால்னு போட்ட பூனைய வெச்சா பூனை பிக்கர் ஆயிடும், ஆனா கார்டுல அச்சடிச்சு வெச்சிருக்கறது மாறாதே.

இதுல தேன், டி ஹெச் ஏ என், அந்த வார்த்தை 72 கார்டுல ஒண்ணுல கூட இல்ல. நம்பவே முடியல, திருப்பித் திருப்பி பாத்தேன், இல்ல. வொர்க்புக்ல நடுவுல ரெண்டு பக்கம் வருது, கோடிட்ட இடத்தை நிரப்புக மாதிரி, அதுலயும் தேன் ஏற்கனவே அச்சாயிருக்கு, பிள்ளை நிரப்ப வேண்டியது டாலரா ஷார்ட்டராங்கறது மட்டும் தான். நம்ம பிள்ளைங்களுக்கு இது தான் முக்கியமா வேணும். ஏன்னா தமிழ்ல "அக்கா என்னை விட உயரம்"னு சொல்றப்ப உயரம்ங்கற வார்த்தை அப்படியே தான் இருக்கு, விட தான் எல்லா வேலையும் பாக்குது. "கிளாஸ்லயே உயரம்"னா அந்த லயே பாத்துக்குது. ஒப்பிடறதுக்காக உயரம்ங்கற மாதிரி வார்த்தையோட எதையும் ஒட்டற பழக்கம் நமக்கு இல்ல. அதனால நம்ம பிள்ளை இங்கிலீஷ் பேசறப்ப ரெண்டு மாதிரி தான் தப்பு வரும், ஒண்ணு "ஷீ இஸ் டால் தேன் மீ"ன்னு இ-ஆர விட்டுடும், இல்லன்னா இன்னும் உயரம்ங்கறத நெனச்சுக்கிட்டு "மோர் டாலர்"னு ரெண்டையும் போட்டுடும். என் பொண்ணு ரெண்டாவது வகை. இதை சரி பண்ற மாதிரி ஒரு கார்டு, ஒரே ஒரு விளையாட்டு, பெட்டில எங்கயும் இல்ல. பனிமனுஷன் படம் மட்டும் மூணு இருக்கு, கோல்டு கோல்டர் கோல்டெஸ்ட்டுக்கு. எங்க ஊர் திருச்சி, இங்க ஹாட்டர் ஹாட்டெஸ்ட் தான் எங்களுக்குத் தெரியும்.

தி விஷயமும் அதே கதை தான். டாலஸ்ட்னா முன்னாடி தி வரணும், தி டாலஸ்ட் கேர்ள் இன் தி கிளாஸ். தமிழ்ல அந்த தி-க்கு சமமா ஒண்ணும் கிடையாது, அதனால பிள்ளைங்க விட்டுடுதுங்க, பெரியவங்க நாமளே விடுறோம். கார்டுல வெறும் டாலஸ்ட்னு தான் இருக்கு. தி டாலஸ்ட்னு போட இன்னும் மூணு எழுத்து, இடமா இல்ல?

அப்புறம் வொர்க்புக் கடைசி எட்டு பக்கம். பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு. பாசிட்டிவ் டிகிரிய (டால் மாதிரி) சூப்பர்லேட்டிவா (டாலஸ்ட் மாதிரி) மாத்துக, நோ அதர், வெரி ஃப்யூ, ஒன் ஆஃப் தி-ன்னு பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க மண்டைய உடைச்சுக்கற கணக்கெல்லாம் கொண்டாந்து வெச்சிருக்காங்க. அட்டைல 6 வயசுல இருந்து 9 வயசு வரைக்கும்னு போட்டிருக்கு. தேன் ஒழுங்கா வராத பிள்ளைக்கு நோ அதர் எதுக்குங்க? பக்கத்த நிரப்பணும்னு நிரப்புனதா தான் எனக்குத் தோணுது.

அடுத்தது எனக்கு கோவமே வந்த விஷயம். மஞ்சள்ல ஃபேட், ஃபேட்டர், ஃபேட்டெஸ்ட். மூணும் பையனுங்க படம், மூணாவது பையன் கைல பர்கர். பச்சைல ஃபேர், ஃபேரர், ஃபேரெஸ்ட், மூணு பொண்ணுங்க, கலர் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துக்கிட்டே போகுது, கடைசி பொண்ணு மட்டும் சிரிக்கிது. ஆரஞ்சுல பியூட்டிஃபுல், அதுவும் அதே தினுசு. நம்ம வீட்டு விசேஷத்துல ஒரு பிள்ளைய கூட்டிட்டுப் போனா "என்னடி அக்காவை விட கறுத்துட்ட", "தம்பி உன்னை விட பூசுனாப்ல இருக்கான்"னு கேக்கறதுக்கு ஏற்கனவே ஆள் நெறைய இருக்காங்க, இதை காசு குடுத்து வேற வாங்கி பாடமா வெக்கணுமா. ஃபேட்டுக்கு டபுள் டி வரும்னு சொல்லிக் குடுக்க மூணு பூனை போட்டா போதாதா. அந்த ஒம்போது கார்டையும் எடுத்து பரண்ல போட்டுட்டேன். நீங்க வாங்குனீங்கன்னா பிள்ளை கைல குடுக்கறதுக்கு முன்னாடி அதை உருவிடுங்க.

சிவப்பு கார்டு பத்தி ஒரு வார்த்தை. சின்னவன் குட், குட்டர், குட்டெஸ்ட்னு சொன்னான், பேட்டுக்கு பேடர்னான். வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு அது நல்ல அறிகுறியா தான் பட்டுச்சு. ரூல் மண்டைல ஏறிடுச்சு, இனி விதிவிலக்கு தான் பாக்கி. இங்கிலீஷ் பேசற நாட்டு பிள்ளைங்களும் சின்ன வயசுல அப்படித்தான் சொல்லும். குட்டும் பெட்டரும் அடிப்படைல வேற வேற வேர்ல இருந்து வந்து ஒட்டிக்கிட்ட வார்த்தைங்க, அதுக்கு காரணம் கேட்டு பிள்ளைய படுத்தாம அப்படியே பழக விட்டுடலாம். ஓல்டு கார்டுல ஓல்டர், ஓல்டெஸ்ட்னு மட்டும் போட்டு எல்டர் பக்கம் போகாதது புத்திசாலித்தனம். நம்ம ஊர்ல எல்டர் பிரதர், எல்டர் சிஸ்டர்னு சொல்றது சரி தான், ஆனா அதே வேகத்துல எல்டர் தேன் மீ-ன்னு சொல்லிடறோம், அங்க ஓல்டர் தேன் மீ தான் வரணும்.

வொர்க்புக்ல உலக சாதனை பக்கம்னு ஒண்ணு, உலகத்துலயே பெருசு, உயரம், வேகம்னு. பிள்ளைங்களுக்கு ரொம்ப புடிச்ச பக்கம் இது தான், ஆனா இதுலயும் ஓட்டை. ஹாட்டெஸ்ட் பிளானட்னு கேட்டு மெர்க்குரின்னு விடை போட்டிருக்கு. சூரியனுக்கு கிட்ட இருக்கறது மெர்க்குரி தான், ஆனா அதிக சூடு வீனஸ். அங்க கார்பன் டை ஆக்சைடு காத்து தடிமனா போத்தி வெச்சிருக்கறதால சூடு வெளிய போகாது, தரைல சுமார் 465 டிகிரி செல்சியஸ். மெர்க்குரிக்கு அப்படி போர்வையே இல்ல, ராத்திரில கடுங்குளிரா போயிடும். அடுத்து ஃபாஸ்டெஸ்ட் அனிமல் சீட்டான்னு இருக்கு. தரைல ஓடறதுல சீட்டா தான், ஆனா அனிமல்னு பொதுவா சொன்னா பெரிக்ரின் ஃபால்கன்ங்கற பறவை மேல இருந்து பாயறப்ப மணிக்கு 300 கிலோமீட்டர தாண்டிடுமே. ஆன் லேண்டுன்னு ரெண்டு வார்த்தை போட்டிருந்தா விடையும் சரியாயிருக்கும், சூப்பர்லேட்டிவ்னாலே எந்தக் கூட்டத்துக்குள்ளங்கறத சொல்லணும்ங்கறதும் பிள்ளைக்கு புரிஞ்சிருக்கும். இன் தி கிளாஸ், இன் தி வேர்ல்டு, ஆஃப் ஆல், இதெல்லாம் தான் அந்த வேலைய பண்ணுது. எவரெஸ்ட் 8,848 மீட்டர்னு சரியா இருக்கு, 2020ல நேபாளமும் சீனாவும் சேந்து 8,848.86னு அறிவிச்சாங்க, பிள்ளைக்கு புள்ளிக்கு அப்புறம் தேவையில்ல, விடுங்க.

சரி இந்த பெட்டிய வெச்சு நாங்க எப்படி சமாளிச்சோம்னு சொல்றேன், வாங்குனவங்களுக்கு உதவும். வழி காட்டுனது நான் இல்ல, என் மாமியார். பிள்ளைங்களுக்கு அப்பாயி. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்னடி பிக்கரு பிக்கருன்னு அட்டைய காட்டிக்கிட்டு இருக்க, பாத்திரத்த எடுத்து வைடி"ன்னு சொல்லி டம்ளர், சொம்பு, குடம், அண்டான்னு வரிசையா கூடத்துல வெச்சுட்டாங்க. குடத்த தொட்டு இது பெருசா சின்னதான்னு பேரன்கிட்ட கேட்டாங்க. அவன் சொம்பைப் பாத்தான், அண்டாவைப் பாத்தான், "ரெண்டும் தான் அப்பாயி"ன்னான். அதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்ல வெச்சோம், குடம் இஸ் பிக்கர் தேன் சொம்பு, குடம் இஸ் ஸ்மாலர் தேன் அண்டா. தேன் தானா வந்துச்சு, ஏன்னா ரெண்டு பொருள் கண்ணு முன்னாடி இருக்கு, நடுவுல கைய ஆட்டி ஆட்டி தேன் சொல்லியே ஆகணும். அண்டாவை எடுத்துட்டா தி பிக்கெஸ்ட் யாருன்னு கேட்டாங்க என் வீட்டுக்காரரு, குடம்னு கத்துனான். பட்டம் கை மாறுது பாருங்க, அச்சடிச்ச யானைல இது நடக்காது.

பொண்ணுக்கு கோபுரம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி, கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி. வெத்து சார்ட் அட்டைய வாங்கி மூணு துண்டா வெட்டி அவளே படம் வரஞ்சு பின்னாடி அடிய எழுதுனா. முன்னாடி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாதுன்னு மட்டும் சொன்னேன். ரெண்ட கைல எடுத்து டாலர் தேன், மூணையும் வெச்சு தி டாலஸ்ட் ஆஃப் தி த்ரீ. அப்புறம் எந்த வருஷம் கட்டுனாங்கன்னு அவளே கேட்டு ஓல்டருக்கு போயிட்டா, ராஜகோபுரம் மூணுலயும் தி டாலஸ்ட், ஆனா அதைக் கட்டி முடிச்சது 1987ல, ராஜராஜ சோழன் கட்டுன தஞ்சாவூர் விமானம் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் ஓல்டர். வள்ளுவர் சிலை 2000ல திறந்தது, அது தி யங்கெஸ்ட்டான்னு கேட்டா, சிலைக்கு நியூவெஸ்ட்னு சொல்லணும்னு சொன்னேன். இதுக்கு ஆன செலவு ஒரு சார்ட் அட்டை காசு.

அதனால கார்ட வீணா போகாம எப்படி பயன்படுத்தலாம்னா, கீழ இருக்கற வார்த்தைய ஒரு துண்டு பேப்பர் ஒட்டி மறைச்சுடுங்க, வேற வேற செட்டுல இருந்து ரெண்டு கார்ட உருவி பக்கத்துல பக்கத்துல வெச்சு வாக்கியம் சொல்ல சொல்லுங்க, தேன்னு ஒரு கார்டு நீங்களே எழுதி நடுவுல வைங்க, தி-ன்னு ஒண்ணு எழுதி ஓரத்துல வைங்க. ஸ்பெல்லிங்குக்கு மட்டும் பேப்பர எடுத்துட்டு கலர் பாத்து எழுத வைங்க. இப்படி பண்ணா பெட்டிக்கு உயிர் வருது. ஆனா இதை கம்பெனிக்காரங்க பண்ணியிருக்கணும், நாம பண்றோம்.

ஸ்டார் குடுக்கணும்னா மூணு. அந்த மூணுல ரெண்டு கலர் ஐடியாவுக்கு, ஒண்ணு அட்டை கிழியாததுக்கு. 250 ரூபாய்க்கு ஆஃபர்ல வந்தா எடுத்துக்கலாம், 449க்கு வேணாம். மூணாங்கிளாஸ்ல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் டெஸ்ட்டுல டேபிள் நிரப்ப கேக்கற ஸ்கூல்னா மார்க் வரும், உத்தரவாதம். யூகேஜி, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குன்னா வாங்கவே வாங்காதீங்க, வீட்ல இருக்கற பாத்திரம் போதும். டீச்சரா இருக்கறவங்க வாங்குறதா இருந்தா ஒரு விஷயம், கார்டு சைஸு சின்னது, கடைசி பெஞ்சுக்கு தெரியாது. ரிட்டர்ன் பாலிசில பெட்டி திறந்தா எடுக்க மாட்டேன்றாங்க, டீப்பர் கார்டு ஃபோட்டோ அனுப்பி மாத்தி அனுப்ப சொல்லிருக்கேன், இன்னும் பதில் வரல, வந்தா இங்கயே கீழ எழுதறேன்.